பேட்டரி தீர்ந்தாலும் ஓடும் கேமரா

சிறந்த பழைய ஃபிலிம் கேமராக்கள் என்று நீங்கள் வெளியிட்ட பட்டியலில் கேனான் ஏஇ-1-க்கு முதலிடம் தந்திருக்கிறீர்கள். அழகான கேமராதான். ஆனால் பேட்டரி தீர்ந்தால், ஃபிலிமில் ஒளி படத் திறந்து மூடும் ஷட்டரே விழாது. என் ஓட்டு 1982-இல் வந்த நிக்கான் எஃப்எம்2-க்கு. அதில் பேட்டரி வெளிச்சம் அளக்க மட்டும்தான். 1/4000 நொடி வரை ஷட்டர் முழுக்க இயந்திர விசையில் ஓடும். ஒகேனக்கல்லில் உச்சி வெயிலில் 100 ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஃபிலிம் போட்டு, லென்ஸின் திறப்பை எஃப் 2.8-இல் வைத்து அந்த வேகத்தை வைத்துப் பாருங்கள், தெறிக்கிற துளிகள் தனித்தனியாக நிற்கும். வெள்ளை நுரையைப் பார்த்து, வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். உள்ளங்கையை வெயிலில் நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது ஒளியை இரட்டிப்பாக்கி வைப்பது என் வழக்கம். அப்புறம், பென்டாக்ஸ் கே1000-ஐ எப்படி விட்டீர்கள்? தர்மபுரியில் என்னிடம் கற்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் கொடுக்கிறேன்.