தீக்காயப் பிரிவுக்குள் இன்னொரு ஆளையும் விடுங்கள்

தீக்காயம் பட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்க வந்து, கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்று "தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மீது எனக்குக் கோபம் கிடையாது. வேறு என்ன சொல்வது என்று அவர்களுக்கும் தெரியாது. ஆனால் அந்த வார்த்தையால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பதைத் தம்பிக்குத் துணையாகத் தீக்காயப் பிரிவில் இருந்த நாட்களில் நன்றாகவே பார்த்தேன். சொன்னவர் லிஃப்ட் வரை போயிருக்க மாட்டார், இவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அவன் மண்டைக்குள் ஓடியதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். இந்த அரிப்பு எப்போது அடங்கும்? காயத்தில் ஒட்டுவதற்காகத் தொடையில் தோல் எடுத்த இடம், அந்தத் தோலை ஒட்டவைத்த இடத்தைவிட ஏன் இப்படி எரிகிறது? விரலை மடக்கினால் ஒட்டிய தோல் கிழிந்துவிடுமா? கண்ணாடியை எப்போது பார்ப்பது? குழந்தைகள் என்னைப் பார்த்துப் பயப்படுவார்களா? இதில் பாதியை டாக்டரிடம் கேட்கவே அவனுக்குக் கூச்சம். உயிரைக் காப்பாற்றியவரிடம் போய் அரிக்கிறது என்று புகார் சொல்வதா என்று நினைத்தான்.

அப்புறம் ஒருநாள் பிசியோதெரபி அறையில் ஒருவர் அவனிடம் பேச்சுக் கொடுத்தார். ரிவ்யூவுக்கு வந்தவர். இரண்டு கையிலும் கழுத்திலும் பழைய தழும்புகள். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "ராத்திரியிலதான் அரிப்பு ஜாஸ்தி, இல்ல?" என்று கேட்டார். தம்பி வாயைத் திறந்தான். அதற்கு முன் பல வாரமாக எங்களிடம் பேசாததையெல்லாம் முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் பேசினான்.

தீக்காயத்திலிருந்து மீண்ட ஒருவர், புதிதாகக் காயம்பட்டவரைச் சந்தித்துப் பேசுவது சிகிச்சையிலேயே ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். டிரெஸ்ஸிங்குக்கு ஒரு நேரம், பிசியோவுக்கு ஒரு நேரம் என்று இருப்பதுபோல இதற்கும் இருக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்தது தற்செயல். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

மருத்துவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தோலின் மேல் அடுக்கைச் சீவி எடுத்த இடத்தில் நரம்பு முனைகள் திறந்து கிடக்கும், அதனால்தான் அங்கே அவ்வளவு எரிச்சல் என்று கேட்டால் அவர்கள் சொல்வார்கள். தழும்பு முதிர்ந்து தணிய ஒரு வருடத்துக்கு மேல், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும் என்பார்கள். பிரஷர் கார்மெண்ட் எனப்படும் இறுக்கமான உடையை நாளுக்கு 23 மணி நேரம் போட்டிருக்கச் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த உடைக்குள் 23 மணி நேரம் இருந்து பார்த்தவருக்குத் தெரிவது வேறு. ஆழமாக வெந்து தோல் ஒட்டிய இடம் சரியாக வியர்க்காது, அதனால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் உடம்பு சூடாகிவிடும். அதோடு மேலே இந்த உடையும் சேர்ந்தால் எப்படி இருக்கும், ஒருநாள் வெறுத்துப்போய்க் கழற்றி எறிந்துவிட்டால் மறுநாள் எந்த மனநிலையோடு அதை மறுபடி எடுத்து மாட்டுவது என்பதெல்லாம் போட்டவர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று. வெந்த கையை மடக்கி வைத்துக்கொண்டால்தான் வலி குறைவாக இருக்கும். அப்படியே விட்டால் தோல் அந்த நிலையிலேயே இறுகிவிடும், பிறகு கை நீளாது. இதைப் பிசியோதெரபிஸ்ட் தினமும் சொன்னார், தம்பி தினமும் அவரை முறைத்தான். அந்த மனிதர் தன் முழங்கையை நீட்டிக் காட்டி, "நான் அப்ப சோம்பேறித்தனம் பண்ணினேன், இப்ப இவ்வளவுதான் நீளுது" என்றார். அன்றிலிருந்து முறைப்பது நின்றது. முனகல் நிற்கவில்லை, அது வேறு விஷயம்.

இது ஒன்றும் புது யோசனையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் எரியும் விமானங்களிலிருந்து மீட்கப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படையினர் பலரை இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிறு ஊரில் உள்ள குயின் விக்டோரியா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முகமும் கைகளும் வெந்துபோன இளைஞர்கள். ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற நியூசிலாந்து நாட்டுப் பிளாஸ்டிக் சர்ஜன் அவர்களுக்குப் பல கட்டங்களாக அறுவை சிகிச்சை செய்தார். பலவும் அதுவரை அதிகம் செய்து பார்க்கப்படாத முறைகள். அதனால் அந்த நோயாளிகள் 1941-இல் ஒரு சங்கம் ஆரம்பித்தபோது அதற்குக் கினி பிக் கிளப் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள், சோதனைக்கூட மிருகங்கள் நாங்கள் என்று. பொருளாளராக யாரைப் போட்டார்கள் தெரியுமா? கால் வெந்தவரை. சங்கத்துப் பணத்தோடு ஓட முடியாதாம். செயலாளர், விரல்கள் வெந்தவர். கூட்டக் குறிப்பு நீளமாக எழுதித் தொல்லை தர மாட்டாராம்.

வெளியாள் யாராவது அந்த ஜோக்கை அடித்திருந்தால் அது கொடூரம். அவர்களே அடித்துக்கொண்டதால் அது மருந்து. போர் முடியும்போது உறுப்பினர்கள் 649 பேர். ஆண்டுதோறும் கூடுவதை முதுமை வந்து தடுக்கும்வரை, 2007 வரை தொடர்ந்தார்கள். மெக்கிண்டோ கத்தியைப் பிடித்ததோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மருத்துவமனை உடுப்புக்குப் பதிலாக அவர்கள் தங்கள் சொந்தச் சீருடையிலேயே இருக்கலாம் என்றார். வெளியே போய் வரச் சொன்னார். இவர்களைச் சாதாரணமாக நடத்துங்கள் என்று ஊர்க்காரர்களிடம் பேசி வைத்தார். வெறித்துப் பார்க்காத ஊர் என்றே ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டுக்குப் பெயர் வந்தது.

பின்னால் வந்தவர்களும் அடிபட்டவர்கள்தான். 1963-இல் விமான விபத்தில் கடுமையாகத் தீக்காயம்பட்ட ஆலன் பிரெஸ்லாவ், 1977-இல் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். மீண்டவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் பயிற்சி கொடுத்து, மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சந்திக்க வைக்கும் திட்டம் அவர்களிடம் இருக்கிறது. பிரிட்டனில் ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ், 18 வயதில் கார் தீப்பிடித்ததில் முகம் வெந்தவர், 1992-இல் சேஞ்சிங் ஃபேசஸ் என்ற அமைப்பை உருவாக்கினார். முகம் மாறிப்போனவர்கள் நாலு பேர் மத்தியில் எப்படிப் பேசிப் பழகுவது என்பதைக் கற்றுத்தரக்கூடிய திறமையாகவே பார்த்தவர் அவர்.

குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

தீ ஒருவர் உடம்பில் பிடித்தாலும் வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். நான் அந்த அறையை விட்டுப் போகாமல் இருந்திருந்தால்? அந்தப் பாத்திரத்தை உள்ளே தள்ளி வைத்திருந்தால்? குழந்தைக்கு வெந்நீர் கொட்டியிருந்தால் அம்மாவைக் கேட்கவே வேண்டாம், அவளுக்குத் தூக்கமே போய்விடும். அவளிடம் "உன் தப்பு இல்லம்மா" என்று நூறு பேர் சொன்னாலும் ஏறாது. அதே மாதிரி ஒரு நிமிடத்தைக் கடந்துவந்த இன்னொரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் அந்த நினைப்பு முழுசாப் போகலை, ஆனா அது வந்தாலும் இப்ப சமைக்கிறேன், தூங்கறேன், பிள்ளையைத் திட்டவும் செய்யறேன்" என்று சொன்னால் ஏறும்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு டிரெஸ்ஸிங் மாற்றுவது நம் கையில்தான் வரும். ஒட்டிக்கொண்ட துணியை எடுக்கும்போது அவன் கத்துவான், நாம் நிறுத்தக் கூடாது. நமக்குப் பிரியமானவரை நம் கையாலேயே தினம் நோகடிக்க வேண்டும். என் அம்மா அதற்கு முந்தின அரை மணி நேரம் யாரிடமும் பேச மாட்டார். கணவன் மனைவிக்கு நடுவில் வேறொரு பயம்: தொட்டால் வலிக்குமோ என்று இவர் தள்ளிப்போவார், என்னைத் தொடவே பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். வீட்டில் இருக்கும் மற்றக் குழந்தைகள், ஆறு மாதமாக யாரும் தங்களைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் கெட்ட பிள்ளை ஆகிவிடுவோம் என்று வாய்மூடி இருக்கும். இதையெல்லாம் காயம்பட்டவரிடம் சொல்லி அழ முடியாது. அவர் சுமை போதாதா? சொல்ல இன்னொரு குடும்பம் வேண்டும்.

சரி, மீண்டவர் எல்லோரையும் கூட்டிவந்து உட்கார வைத்துவிடலாமா என்றால், கூடாது. இதில் நான் கொஞ்சம் கறார்.

தன் கதையை இன்னும் தாங்க முடியாமல் சொல்பவர், கேட்பவர் மேல் அதை இறக்கி வைத்துவிடுவார். "உனக்கு இவ்வளவுதானா, எனக்கு எவ்வளவு தெரியுமா" என்று ஆரம்பிப்பவரை வாசலிலேயே நிறுத்த வேண்டும். உடம்பில் எத்தனை சதவீதம் வெந்தது என்பதை வைத்து மனசு எவ்வளவு வெந்தது என்று அளக்க முடியாது. சட்டைக்குள் மறைந்துவிடும் தழும்போடு வெளியே வராமல் கிடப்பவரும் உண்டு, முகம் முழுக்கத் தழும்போடு வேலைக்குப் போய் வருபவரும் உண்டு. களிம்பு, மாத்திரை பற்றி ஆலோசனை சொல்லக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், எப்படி நடந்தது என்று கேட்கவே கூடாது. சில தீக்காயங்களுக்குப் பின்னால் விபத்து இருக்காது. தானே வைத்துக்கொண்டதாக இருக்கலாம், கட்டிலருகில் நிற்பவரே வைத்ததாகவும் இருக்கலாம். அவராக வாயைத் திறந்தால் கேட்டுக்கொள்ளலாம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உடனே யாரிடம் சொல்ல வேண்டும் என்பது வந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூக்கத்தில் அலறுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, வாழப் பிடிக்கவில்லை என்பது எல்லாம் மனநல மருத்துவர் பார்க்க வேண்டியவை. பேச வந்தவரை அந்த இடத்தில் உட்கார வைப்பது இரண்டு பேருக்குமே அநியாயம்.

அதனால்தான் பயிற்சி வேண்டும் என்கிறேன். வந்து பேசிவிட்டுப் போகிறவரையும் யாராவது விசாரிக்க வேண்டும். அந்த வார்டின் வாசனையே அவரைப் பழைய இடத்துக்குத் தூக்கிப் போட்டுவிடும்.

தொற்று வந்துவிடும், நோயாளியின் அந்தரங்கம் போய்விடும் என்று மருத்துவமனைகள் தயங்கலாம். நியாயமான கவலைகள், ஆனால் வழி உண்டு. கை கழுவி கவுன் போட்டுக்கொள்ளச் சொன்னால் யாரும் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. வரலாமா என்று நோயாளியிடம் முதலில் நர்ஸ் கேட்கட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி கேட்கட்டும். முதலில் மாட்டேன் என்றவர் பிறகு தானாகவே கேட்பதுண்டு.

டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் இந்தத் துணை இன்னும் அதிகம் தேவைப்படும். வார்டில் எல்லோருக்கும் கட்டு, எல்லோருக்கும் காயம், அதனால் யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. வெளியே முதல் நாள் பஸ்ஸில் ஏறும்போதுதான் தெரியும். பேச்சை ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள் மீண்டவர்கள்: "தீ விபத்து நடந்தது, இப்ப நல்லா இருக்கேன்" என்று ஒரே வரி, கண்ணைப் பார்த்து, நிமிர்ந்து நின்று, சாதாரணக் குரலில். அதற்கு மேல் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை கிடையாது. படிக்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். தம்பி இதைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்ததைக் கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டிருக்கிறேன். (அவன் இதைப் படித்தால் என்னைக் கொன்றுவிடுவான், ஆனால் எழுத அனுமதி கொடுத்தவனும் அவன்தான்.)

இந்த இடத்தில் ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். மீண்டவர் என்றாலே மேடையேற்றி, சால்வை போர்த்தி, எல்லோரையும் கண்கலங்க வைக்கும் வழக்கம். அதைப் பார்த்துக் கைதட்டுபவர்களுக்கு நன்றாக இருக்கலாம். கட்டிலில் கிடப்பவருக்கு அது பயம், நாமும் இப்படிச் சாதித்துக் காட்டினால்தான் மதிப்பார்களோ என்று. அவருக்குப் பார்க்கக் கிடைக்க வேண்டியது வேலைக்குப் போகிற, சம்பளம் போதவில்லை என்று புலம்புகிற, பிரஷர் கார்மெண்ட்டைத் துவைக்கச் சோம்பல்படுகிற ஒரு ஆள். இனி வரும் வருடங்கள் எப்படி இருக்கும் என்று அவரைப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது யாராவது தீக்காயப் பிரிவில் துணைக்கு உட்கார்ந்தபடி இதைப் படித்துக்கொண்டிருந்தால்: உங்கள் மருத்துவமனையில் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பிசியோதெரபிஸ்டிடமோ டிரெஸ்ஸிங் செய்யும் நர்ஸிடமோ போங்கள். ரிவ்யூவுக்கு வருகிறவர்களில் யார் பொறுமையாகப் பேசுவார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நபரின் சம்மதத்தை அவர்களே கேட்டுச் சொல்லட்டும், நம்பரை நீங்களாக வாங்க வேண்டாம். உள்ளே இருப்பவருக்காக மட்டும் கேட்காதீர்கள். அவருடைய அம்மாவோ மனைவியோ அண்ணனோ பேச முடியுமா என்று உங்களுக்காகவும் சேர்த்துக் கேளுங்கள்.