ஹைட்ரஜன் பிளாஸ்மாவுக்குப் புரோட்டான் மட்டும் போதாது
"13.56 மெகாஹெர்ட்ஸ் மின்னழுத்தத்தால் உருவாகும் ஹைட்ரஜன் பிளாஸ்மாவை (எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த வாயுவை) மாடல் செய்ய எலக்ட்ரானும் புரோட்டானும் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. சில பத்து பாஸ்கல் அழுத்தத்தில் எலக்ட்ரான் மோதி முதலில் பிறப்பது பெரும்பாலும் எச்2+ அயனி, அதாவது ஓர் எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் மூலக்கூறு. அது அடுத்த ஹைட்ரஜன் மூலக்கூறைச் சந்தித்ததுமே மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட எச்3+ அயனி ஆகிவிடும், ஓர் எச் அணு தனியே பிரியும். இந்த வினைக்கு ஆற்றல் தடையே கிடையாது, அதனால்தான் அங்கே எச்3+ கை ஓங்கியிருக்கிறது. புரோட்டானைப் போல மூன்று மடங்கு நிறை கொண்டது அது. அதை விட்டுவிட்டால் அயனிகள் எவ்வளவு ஆற்றலோடு எலக்ட்ரோடில் விழுகின்றன என்ற கணக்கே தப்பாகிவிடும்.

அப்புறம் பிளாஸ்மா இருக்கும் கலனின் சுவர். எச் அணுக்கள் கண்ணாடியில் மெதுவாகவும் பல உலோகங்களில் வேகமாகவும் மறுபடி இணைந்து மூலக்கூறாகும். சுவரில் மோதும் அணுக்களில் எவ்வளவு பங்கு இப்படி இணைகிறது என்று சொல்லும் அந்த ஒரு குணகத்தை மாற்றினாலே அணு அடர்த்தி வெகுவாக மாறும். மிகக் குறைந்த அழுத்தத்தில், மூலக்கூறுகள் பெருமளவு உடைந்த நிலையில் புரோட்டான் முன்னுக்கு வருவது உண்மைதான். ஆனால் அங்கேயும் மூலக்கூறு அயனிகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே அப்படிச் சொல்ல முடியும்.