ஆகாயத்தாமரையும் பசுமைதான், செயற்கைக்கோளுக்கு

இயற்கைசார் தீர்வுகளும் (மரம், பூங்கா போன்றவை) இளையோர் உடல்நலமும் என்று தலைப்புப் பதிவு செய்யும் பிஎச்.டி. மாணவர்கள் கூடிவருகிறார்கள். நல்லதுதான். ஆனால் முன்மொழிவுகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. பள்ளியைச் சுற்றி 300 அல்லது 500 மீட்டருக்கு ஒரு வட்டம், செயற்கைக்கோள் படத்திலிருந்து என்.டி.வி.ஐ. என்ற பசுமை எண், பிள்ளைகளிடம் ஒரு மனநலக் கேள்வித்தாள், கடைசியில் இரண்டையும் இணைத்துப் பார்க்க ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கு. 'பசுமை கூடினால் மனநலம் கூடுகிறது' என்று முடிவுரை. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இந்த வழி சரிப்படாது என்பது என் கருத்து. பிள்ளை நிழலில் இருந்த நேரத்தை அளக்காத ஆய்வில் உடல்நலம் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

என்.டி.வி.ஐ. என்பது அகச்சிவப்பு ஒளி எவ்வளவு திரும்புகிறது, சிவப்பு ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று ஒப்பிடும் கணக்கு. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர், லேண்ட்சாட் செயற்கைக்கோளில் 30 மீட்டர். அந்தக் கட்டத்தில் நிற்பது வேம்பா, சீமைக்கருவேலமா, வெறும் புல்லா என்று அந்த எண் சொல்லாது. கூவத்தில் ஆகாயத்தாமரை மண்டினால் அந்த இடம் நல்ல பூங்காவுக்கு இணையாகப் பச்சை காட்டும். கரையோரப் பள்ளிக்கு மதிப்பு ஏறும், பிள்ளைகளுக்கு வாய்ப்பது நாற்றமும் கொசுவும். தஞ்சைப் பக்கம் இன்னொரு கூத்து. சம்பா நிற்கும்போது எடுத்த படத்தில் பள்ளியைச் சுற்றி ஒரே பசுமை, மே மாதப் படத்தில் அதே பள்ளி பொட்டலில் நிற்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகம் படத்தைக் கெடுக்கும். கிடைத்த தேதியை எடுத்துப் போட்டால் பள்ளிக்குப் பள்ளி பருவமே மாறிவிடும். பிப்ரவரி முதல் மே வரையிலான மேகமில்லாத படங்களின் இடைநிலை மதிப்பை எடுங்கள். வயலையும் நீர்நிலையையும் வெட்டி நீக்கிவிட்டு, மரக்கிளை பரவிய பரப்பைத் தனி மாறியாக வையுங்கள். பள்ளி வளாகத்துக்குள் அதை நேரில் போய் டேப் பிடித்தே அளக்கலாம். அரை நாள் வேலை.

2015இல் வெளியான பார்சிலோனா ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 36 பள்ளிகள், 7 முதல் 10 வயதுள்ள 2,593 பிள்ளைகள். பள்ளியில் பசுமை கூடுதலாக இருந்த இடத்தில் செயல்நினைவு (வேலை செய்யும்போதே தகவலை மனத்தில் வைத்துக் கையாளும் திறன்) ஓராண்டில் கூடுதலாக வளர்ந்தது என்பது முடிவு. அங்கும் பசுமை செயற்கைக்கோளில் எடுத்ததுதான். ஆனால் 12 மாதத்தில் நான்கு முறை கணினித் தேர்வு வைத்தார்கள், காற்றிலுள்ள கரித்துகளையும் கணக்கில் சேர்த்தார்கள். பலனில் ஒரு பங்கு வாகனப் புகை குறைவதால் வருகிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது அதனால்தான். மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இனி நிழல். மரத்தடியில் சாதாரண வெப்பமானி வைத்தால் வெயிலுக்கும் நிழலுக்கும் ஓரிரு டிகிரி வித்தியாசம்தான் வரும். 'மரத்தால் பெரிய பயனில்லை' என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளையின் உடலைச் சுடுவது நேர்வெயிலும், சிமெண்டுத் தரையும் சுவரும் கக்கும் கதிர்வெப்பமும். அதைப் பிடிக்கக் கறுப்புக் கோள வெப்பமானி, அதாவது கறுப்புக் கோளத்தின் நடுவில் வைத்த வெப்பமானி வேண்டும். 150 மி.மீ. கோளம் வாங்கப் பணமில்லை என்றால் 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்துக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்து, சென்சார் முனை பந்தின் நடுவில் நிற்கும்படி பொருத்துங்கள். முனை பந்தின் சுவரில் ஒட்டினால் அளவு கெட்டுவிடும். சிறிய பந்தைக் காற்று சீக்கிரம் ஆற்றிவிடும், ஆகவே பக்கத்திலேயே காற்றின் வேகத்தையும் அளந்து திருத்தியாக வேண்டும். பெரிய கோளம் நிலைகொள்ள 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். கருவியை நட்டவுடன் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்புபவர்கள் உண்டு. கருவியை 1.1 மீட்டர் உயரத்தில் வைப்பது நிற்கும் பெரியவருக்கான கணக்கு, தரையில் உட்காரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கீழே இறக்குங்கள்.

பள்ளிகளில் மியாவாக்கி காடு, அதாவது ஜப்பானிய முறையில் கன்றுகளை நெருக்கி நடும் குறுங்காடு வைக்கும் மோகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்று நட்டால் சீக்கிரம் அடர்ந்துவிடும், படத்துக்கு அழகாக இருக்கும். உள்ளே பிள்ளை நுழைய முடியாது. கடலோரப் புழுக்கத்தில் வரும் கொஞ்சக் காற்றையும் மறித்துவிடும். விளையாட்டுத் திடலோரம் இடைவெளி விட்டு நட்ட நாலு புங்கமும் வேம்பும் பிள்ளைக்கு அதைவிட மேல்.

அடுத்தது நேரம். கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பி.இ.டி. பீரியட் இருக்கும். பத்தாம் வகுப்புக்கு அதில் எத்தனை கணக்கு வாத்தியாருக்குப் போகிறது என்று ஊருக்கே தெரியும், ஆய்வேட்டில் மட்டும் இருக்காது. நடந்த பீரியடை மட்டும் எண்ணுங்கள். கேள்வித்தாள் கொடுக்கும் மாதமும் முக்கியம். ஜூலையில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை என்றால் நீங்கள் அளப்பது பொதுத்தேர்வு பயத்தை.

எண்ணிக்கையில்தான் பலர் கவிழ்கிறார்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் பல விதத்தில் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமைக் கெழு (0 என்றால் ஒப்புமையே இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) 0.05 என்றே வைப்போம். பள்ளிக்கு 60 பேர் வீதம் 10 பள்ளியில் 600 பேர். வடிவமைப்பு விளைவு, அதாவது எண்ணிக்கையை வகுக்க வேண்டிய எண், 1 + 59 × 0.05 = 3.95. ஆக உங்கள் 600 பேர் உண்மையில் சுமார் 152 பேர்தான். மரமுள்ள பள்ளி ஒன்று, மொட்டைப் பள்ளி ஒன்று என்று இரண்டை மட்டும் ஒப்பிட்டால் எத்தனை நூறு பேரைச் சேர்த்தாலும் அது இரண்டு பள்ளி ஆய்வுதான்.

ஃபின்லாந்து மழலையர் மையங்களில் காட்டு மண்ணும் புல்திட்டும் பரப்பி, 28 நாளில் பிள்ளைகளின் தோல் நுண்ணுயிரிகளின் பன்மை கூடியதைக் காட்டிய 2020 ஆய்வு அருமையானது. அதை அப்படியே இங்கே இறக்க வேண்டாம். நம் மண்ணில் கொக்கிப்புழு உண்டு. பள்ளியில் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரை கொடுத்த தேதியைக் குறிக்காமல் மண், குடல், எதிர்ப்புச்சக்தி என்று எழுதினால் எது மண்ணின் வேலை, எது மாத்திரையின் வேலை என்று யாராலும் பிரிக்க முடியாது.

மரம் நட்டு, அது நிழல் தரும்வரை காத்திருந்து அளக்க பிஎச்.டி. காலம் போதாது. யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. ஆகவே ஏற்கெனவே நிற்கும் மரத்தைப் பயன்படுத்துங்கள். ஒரே வகுப்பு இரண்டு வாரம் மரத்தடியில், இரண்டு வாரம் வெட்டவெளியில், அதே பீரியட். எந்த வகுப்பு எதில் தொடங்குவது என்று சீட்டுக் குலுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத்தானே ஒப்பீடு என்பதால் வீட்டு வருமானம், சாதி, அப்பா அம்மா படிப்பு எல்லாம் தானே கழிந்துவிடும். வெட்டவெளி வாரத்தில் வெயில் கடுமையானால் உடனே நிறுத்த ஒரு வெப்ப வரம்பை முன்கூட்டியே எழுதி நெறிமுறைக் குழுவிடம் கொடுங்கள். தலைமையாசிரியர் அனுமதி மட்டும் போதாது, பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி 12 வயதைத் தாண்டிய பிள்ளையின் இசைவும் எழுத்தில் வேண்டும். மழை பெய்து கெட்ட நாட்களைத் தூக்கிப் போடாதீர்கள், அட்டவணையில் தனி நிரலாக வையுங்கள்.