பயணத்தில் தொழுகை தள்ளுபடியா?

"பயணிக்குத் தொழுகை கடமையில்லை, வீடு திரும்பி மொத்தமாகத் தொழுதால் போதும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. குர்ஆன் 4:101 தருவது சுருக்கித் தொழும் அனுமதி, விலக்கு அல்ல. நான்கு ரக்அத் (நிற்றல், குனிதல், சிரம்பணிதல் சேர்ந்த ஒரு சுற்று) உள்ள லுஹர் (நண்பகல்), அஸர் (பிற்பகல்), இஷா (இரவு) தொழுகைகள் இரண்டாகும். சுபுஹு (அதிகாலை) இரண்டு, மஃரிப் (அந்தி) மூன்று அப்படியேதான். லுஹரோடு அஸரையும், மஃரிபோடு இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவில்) இடமுண்டு. ஹனஃபி மத்ஹபில் அது ஹஜ்ஜின்போது மக்கா அருகிலுள்ள அரஃபா, முஸ்தலிஃபாவில் மட்டும். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பாதிக் குழப்பம்.

அப்புறம், வழியில் உள்ளூர் இமாமைப் (தொழுகை நடத்துபவரைப்) பின்பற்றித் தொழுதால் பயணியும் நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழ வேண்டும்; இரண்டில் ஸலாம் கொடுத்து முடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பக் கூடாது. தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்யத் தண்ணீர் கிடைக்கவில்லையா? சுத்தமான மண்ணில் உள்ளங்கைகளை அடித்து முகத்தையும் கைகளையும் தடவும் தயம்மும் இருக்கிறது.