நாயின் வயதை ஏழால் பெருக்காதீர்கள்

நாயின் வயதை ஏழால் பெருக்கினால் மனுஷ வயசு வந்துவிடும் என்று இன்னமும் நிறையப் பேர் நம்புகிறார்கள். ஏழு வயசுப் பிள்ளை இரண்டாம் வகுப்பு படிக்கும். ஒரு வருஷத்து நாயோ பருவத்துக்கு வந்து குட்டியே போட்டிருக்கலாம். இந்த ஒன்று போதாதா, அந்தக் கணக்கு தப்பு என்று தெரிய?

கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது வேறு. நடுத்தர உடம்புள்ள நாய்க்கு மனுஷக் கணக்கில் முதல் வருஷம் 15, இரண்டாம் வருஷம் இன்னும் 9, அப்புறம் வருஷத்துக்குச் சுமார் 5. கலிஃபோர்னியாவில் லாப்ரடார் நாய்களின் டிஎன்ஏ மாற்றங்களை வைத்து 2020-இல் வந்த ஆய்வு, ஒரு வயது நாயை 30 வயது மனிதரோடும் நாலு வயது நாயை 50 தாண்டியவரோடும் ஒப்பிட்டது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லைதான். ஆனால் நாய் இளமையில் வேகமாக முதிர்கிறது, பிறகு நிதானமாகிறது என்பதில் இரண்டும் ஒன்று.

உடம்பைப் பார்த்து வயசு சொல்வது நமக்குப் புதுசா என்ன? அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் காங்கேயம் காளை பிடிக்கப் போனால் முதலில் வாயைத் திறந்து பல்லைத்தானே பார்க்கிறோம். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்றுதானே பேச்சே. மாட்டுக்கு இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற நாம், தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், ராத்திரியெல்லாம் காவல் கிடக்கிற நாய்க்குப் பார்ப்பதில்லை. அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

"எட்டு வயசுதானுங்க ஆச்சு, முன்னே மாதிரி ஓடறதில்லீங்க, சோம்பேறி ஆயிருச்சுங்க" என்று பொள்ளாச்சிப் பக்கமும் தாராபுரம் பக்கமும் எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எட்டு வயசு என்றால் ஐம்பதைத் தாண்டிவிட்டதுங்க! பெரிய ஜாதி என்றால் இன்னும் சீக்கிரம். பத்து வயதில் பொமரேனியன் மாதிரிச் சின்ன நாய்க்கு 56 என்று வைத்தால், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரிப் பெரிய நாய்க்கு 66 வரும். கிரேட் டேனுக்குப் பத்து வயசு வாய்ப்பதே அரிது. வயசான நாய் எழுந்திருக்கத் தடுமாறுவது சோம்பலால் இல்லை, மூட்டு வலியாக இருக்கலாம். கூப்பிட்டால் வராதது திமிரும் இல்லை, காது மந்தமாகியிருக்கலாம். இதற்குப் போய் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏழு வயசு ஆனதும், பெரிய ஜாதியானால் ஐந்தாறிலேயே, ஆறு மாசத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். பல், மூட்டு, சிறுநீரகம், எடை நாலையும் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் படுக்க விடாமல் ஒரு சாக்கையாவது விரித்துப் போடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக முடியாவிட்டால், பக்கத்தில் இருக்கிற அரசு கால்நடை மருந்தகத்துக்காவது கூட்டிப் போங்கள்.