மண் கிண்டிய பிள்ளையும் அந்த வாய்ஸ் நோட்டும்

பள்ளிக்கூடம் பழங்குடி மக்களுக்காக ஒரு காலைப்பொழுதை ஒதுக்கியதைத் திட்டி, சிட்னியில் எங்கள் தமிழ்ப் பெற்றோர் குழுவில் வந்த அந்த வாய்ஸ் நோட்டை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "பிள்ளையளைப் படிக்க அனுப்புறமா, மண் கிண்ட அனுப்புறமா?" என்ற ஒரு வரி போதும், மிச்சத்தைத் திரும்பச் சொல்ல மனமில்லை. கீழே கட்டைவிரல் தூக்கியவர்களில் என் வீட்டில் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் கொண்டாடும் நெய்டொக் வாரம் ஜூலையில், பள்ளி விடுமுறைக்குள் வந்துவிடுகிறது. அதனால் தவணை முடியும் முன்பே எங்கள் பள்ளிக்கூடம் ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்கியது. சிட்னி மண்ணின் பழங்குடிகளான தாருக் இனத்து மூதாட்டி ஒருவர் வந்தார். பிள்ளைகள் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். பழங்குடி மக்களிடம் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை அது, நம்மைப் போலவே. வட்டமாக இருந்து கதை கேட்டார்கள், பிறகு ஓடைக்கரையில் லொமாண்ட்ராப் புல் நட்டார்கள். அந்தப் புல்லின் வேர் கரை மண்ணைப் பிடித்து வைக்கும். இதற்கா இவ்வளவு கொதிப்பு?

படிப்பு கெட்டுப்போகிறதாம். சரி, படிப்பையே பேசுவோம். 1819இல் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை நடந்தது. எழுதியவர்களில் ஏறக்குறைய 100 பேர் வெள்ளைக்காரப் பிள்ளைகள். முதற்பரிசு எடுத்தவள் 14 வயதுத் தாருக் பெண். மரியா லொக் என்று இன்று அறியப்படுபவர் அவர்தான். பரமட்டாவில் ஆளுநர் மக்குவாரி தொடங்கிய பழங்குடிப் பள்ளியில் படித்தவர். 1831இல் ஆளுநருக்கு மனு எழுதி, இறந்துபோன சகோதரனின் காணியைக் கேட்டார். அது கைக்கு வர 1843 ஆகிவிட்டது. அதே பரமட்டாவில்தான் நாங்கள் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை ரியூசனுக்கு இறக்கிவிட்டுக் கோப்பி குடிக்கிறோம். சோதனையில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கிற எங்களுக்கு இந்த முதலாம் பிள்ளையைத் தெரியாது.

அந்தப் பள்ளியில் பிள்ளைகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். வருடத்தில் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம். பிற்பாடு பள்ளி இடம் மாறியது, அது போன இடத்துக்குத்தான் பிளக்டவுன், அதாவது கறுப்பர் ஊர், என்ற பெயர் வந்தது. அந்தப் பெயருள்ள ஊரில் வீடு வாங்கிப் பால் காய்ச்சினோம். அது ஏன் அந்தப் பெயர் என்று ஒரு காலைப்பொழுது பிள்ளை கேட்டால் நேரம் வீணா?

மகள் அன்று நகத்துக்குள் மண்ணோடு வந்தாள். கையில் லொமாண்ட்ரா இலையில் பின்னிய ஒரு வளையம். மூன்று இழை, நடுவில் ஓர் இடத்தில் நெகிழ்ந்திருந்தது. வாங்கி அந்த இடத்தை அவிழ்த்து இறுக்கிப் பின்னினேன். "அம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். என் அம்மம்மா திண்ணையில் இருந்து சார்வோலை வார்ந்து பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி பின்னுவார். ஓலை வெட்டிய கீறல் அவர் விரலில் எப்போதும் இருக்கும். பக்கத்தில் இருந்து மூன்று இழை மட்டும் பழகினேன், அதற்குமேல் பழக முதல் ஊரை விட்டு வந்துவிட்டோம். பதினொரு வருடமாக என் பிள்ளைக்கு நான் சொல்லாத கதை அது. அதைக் கேட்க வைத்தது அந்த மண் கிண்டல்.

"புல் நட்டால் அவர்களின் காணி திரும்புமா, எல்லாம் கண்துடைப்பு" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். திரும்பாதுதான். பழங்குடி மக்களின் குரல் நாடாளுமன்றத்தில் கேட்க ஓர் அமைப்பு வேண்டுமா என்ற 2023 வாக்கெடுப்பில் இந்த நாடு வேண்டாம் என்று சொன்னதைப் பார்த்தோம். ஆனால் இதைச் சொன்னவர் காணி திரும்ப வேண்டும் என்று ஒரு நாளாவது வாய் திறந்தவரா?

"அவையளுக்கும் எங்களுக்கும் என்ன?" என்று கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1981இல் நூலகத்தை எரித்தார்கள் என்று இன்றும் தொண்டை அடைக்கச் சொல்கிறோம். எங்கள் ஊர்ப்பெயரை மாற்றிப் பலகை நட்டால் இரவு முழுக்கக் கொதிக்கிறோம். மே 18இல் விளக்கேற்றி, உலகம் பார்க்கவில்லையே என்று அழுகிறோம். ஒன்பது நாள் கழித்து, மே 27இல், இந்த மண்ணின் மக்களோடு இணங்கிக்கொள்ளும் வாரம் தொடங்குகிறது. 1967இல் அவர்களையும் குடிசனக் கணக்கில் சேர்க்கலாம் என்று நாடு வாக்களித்த நாள் அது. அதுவரை எண்ணிக்கையில்கூடச் சேர்க்கப்படாதவர்கள். எண்ணப்படாமல் போவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா? எங்கள் வலியைக் கேட்கச் சொல்லி ஊர் ஊராகப் பதாகை பிடித்த நாங்கள், அவர்களின் பாட்டி ஒருவர் வந்து கதை சொன்னால் கடிகாரத்தைப் பார்க்கிறோம். வெட்கமாக இருக்கிறது. கோபத்தைவிட வெட்கம்தான் கூட.

கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் அரச பள்ளிகளுக்கான செலக்டிவ் சோதனைக்கு என் மகளும்தான் படிக்கிறாள். அந்தக் காலைப்பொழுதில் அவளுக்கு ஒரு கணக்கும் மறக்கவில்லை.

வளையம் சாமித்தட்டில், அம்மம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, காய்ந்து பழுப்பாகிவிட்டது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நானும் மகளும் ஓடைக்கரைக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறோம். கட்டைவிரல் தூக்கியவர்களும் பிள்ளைகளோடு வாருங்கள். வாளி என்னிடம் இருக்கிறது.