பாவத்தில் விழுந்தவர் மறுபடியும் சபையில் ஊழியம் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் "எனக்கு என்ன தகுதி இருக்கிறது?" என்று வருஷக்கணக்கில் கடைசி வரிசையில் ஒதுங்கியிருப்பவரும், "கர்த்தரே மன்னித்துவிட்டார், கேட்க நீங்கள் யார்?" என்று அடுத்த ஞாயிறே மேடை ஏறுகிறவரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். மன்னிப்பையும் பொறுப்பையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். பாவத்தை அறிக்கையிட்டால் தேவன் மன்னிக்கிறார் (1 யோவான் 1:9). அதற்குக் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. மனுஷருடைய நம்பிக்கை அப்படி ஒரே நாளில் திரும்பாது, திரும்பவும் கூடாது.

சீஷனான பேதுரு இயேசுவை அறியேன் என்று மறுதலித்தபோது குளிர்காய்ந்தது கரிநெருப்பில் (யோவான் 18:18). உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவனுக்காகப் போட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பு (21:9). கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. நடந்ததை ஆண்டவர் மூடி மறைக்கவில்லை. முதலில் சாப்பிட வைத்தார், பிறகு கேட்டார். மூன்று மறுதலிப்பு, மூன்று கேள்வி. அதில் முதல் கேள்வியைக் கவனியுங்கள்: "இவர்களிலும் அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" எல்லாரும் இடறலடைந்தாலும் நான் இடறமாட்டேன் என்று மார்தட்டிய அதே ஆள், இப்போது தன்னை யாரோடும் ஒப்பிடாமல் பதில் சொல்கிறான். ஒருவர் திரும்பத் தயாரா என்று பார்க்க இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. இன்னும் "அவன் மட்டும் யோக்கியமா?" என்று பேசுகிறவர் தயாராகவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்தியோகியாவில் பேதுரு மறுபடி சறுக்கினான். மனுஷருக்குப் பயந்து, புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, பந்தியிருப்பதை விட்டு விலகினான். பவுல் எல்லாருக்கும் முன்பாகவே கண்டித்தார் (கலாத்தியர் 2:11-14). ஊழியம் நின்றுபோகவில்லை. கண்டிக்க ஆள் இருந்தார்கள், அதனால் பிழைத்தது.

நடைமுறைக்கு வருவோம். 51-ம் சங்கீதத்தில் தாவீதின் வரிசை இது: பாவத்தை ஒப்புக்கொள்கிறான், சுத்திகரிக்கக் கேட்கிறான், இரட்சணிய சந்தோஷத்தைத் திரும்பக் கேட்கிறான். அதன் பிறகுதான் 13-ம் வசனத்தில் "பாதகருக்கு உமது வழிகளை உபதேசிப்பேன்" என்கிறான். நாம் பெரும்பாலும் 13-ல் தொடங்கிவிடுகிறோம்.

ஒப்புக்கொள்வது என்றால் "நான் பலவீனன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பதல்ல. என்ன செய்தேன், எத்தனை நாள், யாருக்குச் சேதம் என்று சபையை நடத்தும் மூப்பர்கள் இரண்டு பேர் முன் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் அவரிடமும் போக வேண்டும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. சட்டப்படி குற்றமானால் சபைக்குள் முடித்துக்கொள்ளவே கூடாது, காவல்துறைக்குப் போக வேண்டும்.

பிறகு யார் கண்ணிலும் படாத வேலை: நாற்காலி போடுவது, வியாதியஸ்தரைப் பார்க்கப் போவது. பொறுப்பிலிருந்து விழுந்தவருக்கு ஒரு வருஷத்துக்குக் குறைவான காலம் போதாது என்பது என் தீர்மானமான எண்ணம். மாதம் ஒருமுறை அந்த இரண்டு மூப்பர்களும் உட்கார்ந்து நேரடியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான்: மூன்று மாதம் ஒழுங்காக நடக்கும், ஆள் தாலந்துள்ளவர், பாட ஆள் குறைகிறது, உடனே மேடையில் ஏற்றிவிடுவார்கள். வீழ்ச்சியையே சுவாரசியமான சாட்சியாக்கிவிடுவார்கள். அதனால் காயப்பட்டவர் அதே கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.

திரும்பினாலும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதில்லை. காணிக்கையில் கை வைத்தவர் வேதபாடம் நடத்தலாம், பணப்பெட்டி வேண்டாம். உண்மையில் யாருமே தனியாக எண்ணக்கூடாது. தர்மப்பணம் கொண்டுபோகப் பவுலே கூட ஆள் சேர்த்துக்கொண்டார், ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு (2 கொரிந்தியர் 8:19-21). பிள்ளைகளைத் தவறாகத் தொட்டவர் பிள்ளைகள் ஊழியத்துக்கு ஒருபோதும் வரக்கூடாது. அவருக்குப் பரலோகம் உண்டு, ஞாயிறு பள்ளி கிடையாது.

கூச்சத்தால் ஒதுங்கியிருப்பவர்களுக்கு இத்தனை படிகள் தேவையே இல்லை. திக்குவாய், மனச்சோர்வு, பாதியில் விட்ட ஒரு பணி, இவையெல்லாம் தடையல்ல. மாற்கு, பவுலும் பர்னபாவும் போன ஊழியப் பயணத்தில் பம்பிலியாவில் அவர்களை விட்டுப் போனவன். பவுல் அவனை மறுபடி சேர்க்க மறுத்தார், அதில் நியாயம் இருந்தது. பர்னபா அவனைத் தனியே அனுப்பிவிடாமல் கூடவே சீப்புருதீவுக்குக் கூட்டிப்போனார். கடைசியில் அதே பவுல், "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11).

கலாத்தியர் 6:1-ல் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று வருவதும், மாற்கு 1:19-ல் வலையைப் "பழுதுபார்த்து" என்று வருவதும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல்தான். கிழிந்த வலையைக் கண்ணி கண்ணியாகப் பார்க்கப் பொறுமையாய் உட்கார வேண்டும். உங்கள் சபையில் அப்படி உட்காரப்போகிற அந்த இரண்டு பேர் யார் என்று, ஒருவர் விழுவதற்கு முன்பே, இந்த வாரமே மேய்ப்பரிடம் கேளுங்கள்.